நாற்பதாம் நாள் போர்சோக்

அன்புள்ள அம்மாவுக்கு,

தியான்ஷான் பனியாறுகளின் ஏகச் சக்கரவர்த்தியும் தங்கள் மூத்த மகனுமான எசென்குல் வணங்கி எழுதுவது. நான் நலம். தங்கள் முழங்கால் வலி தேவலையா? சிவப்புப் பசு கன்று போட்டதா?

அப்பா இறந்த நாற்பதாம் நாளுக்கு வராத மகன் என்று ஊரே பேசியிருக்கும். கணவாயைப் பனி மூடிவிட்டது. ஆனாலும் பனிச்சறுக்குப் பலகைகளை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். கழுகுகளே ஒதுங்கி வழிவிட்ட வேகம்! ஒரு பாறை மட்டும் வழிவிடவில்லை. கணுக்காலில் சின்னச் சுளுக்குதான், கவலை வேண்டாம்.

என்னோடு பனி அளக்கும் பூபூசாராதான் என்னை ஆய்வு நிலையத்துக்கு இழுத்து வந்தாள். "ஆயிரம் வருஷத்துப் பனிக்கு வயசு சொல்றீங்களே அண்ணே, கண்ணு முன்னாடி நின்ன பாறை தெரியலையா?" என்றாள்.

எண்ணெய் காயும் மணம் இறந்தவர்களைப் போய்ச் சேரும் என்பீர்களே, அதற்காக அன்று ஏழு மலை மணக்க நாங்களும் மாவுத் துண்டுகளைப் போட்டு போர்சோக் பொரித்தோம். பாதி கருகிவிட்டது. எல்லோரும் கையேந்தி உட்கார்ந்தார்கள். மகன் என்பதால் நான்தான் குர்ஆன் ஓத வேண்டும். பாதியில் குரல் வரவில்லை.

"பரவால்லண்ணே, மீதிய நான் சொல்றேன்" என்று பூபூசாராவே ஓதி முடித்தாள்.

கணவாய் இன்றுதான் திறந்தது. இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் லாரிக்காரர் அவசரப்படுத்துகிறார். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்புங்கள். அப்பாவின் துணிகளை உறவினர்களுக்குப் பங்கு வைத்திருப்பீர்கள். அந்த நரித்தோல் தொப்பி மிச்சமிருந்தால் எனக்கு. துவைக்க வேண்டாம், வெயிலிலும் போட வேண்டாம். காற்றுப் படாமல் இறுக்கிச் சுற்றி அனுப்புங்கள் அம்மா.

எசென்குல்