தங்கள் குரல் கேட்கிறது, என் கணவர் குரல் கேட்கவில்லை

அனுப்புநர்
இடது காது கேளாத பயனாளி,
துணி திருத்தும் தையற்கடை (வீட்டோடு சேர்ந்தது),
இரண்டாம் மாடி, பேருந்துப் பணிமனைக்குப் பின் தெரு.
(கதவில் பெயர்ப் பலகை இல்லை. "ஜிப்பு அம்மா வீடு" என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள்.)

பெறுநர்
குறைதீர் அலுவலர் அவர்கள்,
செவித்துணைக் கருவிப் பிரிவு,
நலத்துறை அலுவலகம்.

பொருள்: தொலைபேசியில் பேசும் நேரத்தில் இடப்பக்கக் கருவி செயலற்றுப் போவது – அதனால் படுக்கையில் இருக்கும் என் கணவரின் குரல் எனக்கு எட்டாமல் போவது – "குறை தீர்ந்தது" என மூன்று முறை முடிக்கப்பட்ட புகாரை மீண்டும் திறக்கக் கோருவது – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகத்திலிருந்து எனக்கு வந்த மூன்று குறுஞ்செய்திகள். மூன்றிலும் ஒரே வாசகம் இருப்பதால் தனித்தனியே குறிப்பிடவில்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் துணி திருத்தும் வேலை செய்து பிழைப்பவள். பேன்ட்டுக்கு நீளம் குறைப்பது, கோட்டுக்கு உள்துணி மாற்றுவது, எல்லாவற்றையும் விட அதிகமாக ஜிப்பு மாற்றுவது. பள்ளிக்கூடத்தில் அதிக நாள் உட்கார்ந்ததில்லை. தையலையும் எழுத்தையும் பார்த்துப் பார்த்து நானே கற்றுக்கொண்டேன். ஆகவே இந்த மனுவில் எங்காவது தையல் வெளியே தெரிந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

2. ஒரு காய்ச்சலுக்குப் பிறகு என் இடது காது முழு ஓய்வு பெற்றுவிட்டது. வலது காது இன்றும் பணியில் இருக்கிறது. தங்கள் பிரிவு எனக்கு இரண்டு கருவிகள் வழங்கியது. இடது காதில் மாட்டுவது வெறும் மைக். அந்தப் பக்கம் யார் பேசினாலும் அதைப் பிடித்து, கம்பியில்லாமல் வலது காதில் உள்ள கருவிக்கு அனுப்பி வைக்கும். இது நல்ல கருவி. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். கருவியைக் குறை சொல்லும் நன்றி கெட்டவள் என்று என் கோப்பில் யாரும் குறிப்பு எழுத வேண்டாம்.

3. என் கணவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. குரலும் மெலிந்துவிட்டது. முன்பெல்லாம் அவர் கீழே தெருவிலிருந்து கூப்பிட்டால் மூன்றாம் மாடிக்காரர் எட்டிப் பார்ப்பார். இப்போது அவர் கூப்பிடுவது பக்கத்துத் தலையணைக்குக் கேட்டால் பெரிய விஷயம். நாங்கள் இருவர் மட்டுமே இருக்கும் வீடு இது. அவருக்குத் தண்ணீர் வேண்டுமென்றாலும், புரண்டு படுக்க வேண்டுமென்றாலும், சிறுநீர் கழிக்க வேண்டுமென்றாலும் என்னைத்தான் கூப்பிட வேண்டும். நான் நாள் முழுவதும் அதே அறையில், சுவரைப் பார்த்தபடி தையல் இயந்திரத்தின் முன் இருப்பவள்.

4. கருவி பொருத்திய நாளில், தங்கள் மருத்துவமனையில் அதைப் பொருத்தும் பெண் என் அறையைப் பற்றி அக்கறையாக விசாரித்தார். இயந்திரத்தின் மோட்டார் வலப்பக்கம் இருப்பதைச் சொன்னேன். அப்படியானால் கணவரின் கட்டிலை இடப்பக்கம் போடுங்கள், மோட்டார் சத்தத்தில் கலக்காமல் அவர் குரல் இடது மைக்கில் சுத்தமாக விழும் என்றார். அதுவரை கட்டில் எனக்கு வலப்பக்கம், நல்ல காதுக்கு நேராக இருந்தது. கேட்கிற காதுப் பக்கத்திலிருந்து கேளாத காதுப் பக்கத்துக்குக் கணவரை இடம் மாற்றிய மனைவி ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கட்டிலைப் பிடிக்க வந்த எதிர்வீட்டு ஓட்டுநர், "என்னம்மா, அண்ணன் தொல்லை தாங்கலையா, இந்தப் பக்கம் தள்றீங்க" என்று கேட்டார். அறிவியல் என்று சொல்லி அவர் வாயை அடைத்தேன்.

5. அறிவியல் வேலை செய்தது. அவர் முணுமுணுத்தாலும் என் காதுக்குள் வந்தது. நெடுநாள் கழித்து நாங்கள் நிம்மதியாகச் சண்டை போட்டோம். கட்டில் முன்பு இருந்த இடத்தில் துணி அடுக்கும் அலமாரியைச் சுவரோடு ஆணி அடித்து நிறுத்திவிட்டேன். இப்போது கட்டிலைத் திரும்ப மாற்ற வழியில்லை என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். மூன்றாவது விசாரணையில் எனக்குச் சொல்லப்பட்ட முதல் யோசனை அதுவே.

6. பிறகு கருவியைப் புளூடூத் வழியாகத் தொலைபேசியோடு இணைத்தேன். துணி கொடுத்தவர்கள் "ஆச்சா, ஆச்சா" என்று கேட்டு அழைப்பார்கள். இரு கையும் துணியில் இருக்க, குரல் நேராகக் காதுக்குள் வரும். ஆரம்பத்தில் ஒரு கோளாறு இருந்தது. பாட்டுப் போட்டால் வாத்தியம் மட்டும் வரும், பாடுகிறவரைக் காணோம். தொலைபேசி பாட்டை இரண்டாகப் பிரித்து இரண்டு காதுக்கு அனுப்புகிறது, என்னிடம் இருப்பதோ ஒன்று. அமைப்புகளுக்குள் புகுந்து கண்ணில் பட்டதையெல்லாம் அழுத்தினேன். ஒருமுறை திரை கறுப்பு வெள்ளையானது. ஒருமுறை தொலைபேசியே நான் தொட்டதையெல்லாம் உரக்கப் படித்தது. கடைசியில் "மோனோ ஆடியோ" என்பதைத் தட்டியதும் பாடகர் திரும்பி வந்தார். எனவே அந்தக் குறை என் புகாரில் இல்லை. ஆயினும் தங்கள் அலுவலகம் தீர்த்துவைத்த குறைகளின் கணக்கில் அது இருப்பதாக அறிகிறேன். இருந்துவிட்டுப் போகட்டும்.

7. இனி என் குறை. தொலைபேசியில் பேச ஆரம்பித்த கணமே இடப்பக்க மைக் தன் வேலையை நிறுத்திவிடுகிறது. வலது கருவியால் ஒரு நேரத்தில் ஒருவரிடம்தான் வாங்க முடியுமாம். தொலைபேசி வந்தால் தொலைபேசிக்கே முதல் மரியாதை. அழைப்பு முடிந்ததும் மைக் தானாகவே வேலைக்குத் திரும்பிவிடும். நடுவில் என்ன நடந்தது என்று அது சொல்லாது.

8. இது எனக்குத் தெரியவந்த விதத்தைச் சொல்ல வேண்டும். கருவியின் உறையை மாற்றுவது எப்படி என்று கேட்கத் தங்கள் உதவி எண்ணை அழைத்தேன். என் அழைப்பு தங்களுக்கு மிகவும் முக்கியமானது என்று ஒரு குரல் சொன்னது. பிறகு இசை. நான் ஒரு தோல் சட்டைக்கு ஜிப்பு வைத்துக்கொண்டிருந்தேன். கண்ணை எடுக்க முடியாத வேலை. இசை முடியும், நான் முக்கியம் என்று குரல் சொல்லும், மறுபடி இசை. வலது காதில் தங்கள் இசை, அதற்கு வெளியே என் மோட்டார். சட்டை முடிந்தது, இசை முடியவில்லை. நூலை வெட்டக் கத்தரிக்கோலுக்காகத் திரும்பியபோது என் கணவர் கட்டிலில் இல்லை. தரையில் இருந்தார். தண்ணீர்ச் செம்பை எட்டப் பார்த்திருக்கிறார். சரிந்திருக்கிறார். சரிவதற்கு முன்பும் கூப்பிட்டிருக்கிறார், விழுந்த பிறகும் கூப்பிட்டிருக்கிறார். வேலை செய்கிற ஒரே முழங்கை வீங்கியிருந்தது. செம்புத் தண்ணீர் அவர் முதுகடியில் ஓடி, சட்டையில் ஊறி, ஏறக்குறைய காய்ந்திருந்தது. எவ்வளவு நேரம் கூப்பிட்டார் என்பதை அதிலிருந்து தாங்கள் கணித்துக்கொள்ளலாம்.

உதவி எண்ணின் இசையைக் கேட்டுக்கொண்டு காத்திருந்தேன் என்று சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. அவர் சொன்னதை அப்படியே பதிவு செய்கிறேன்: "கூப்பிட்டு கூப்பிட்டு தொண்டையே வறண்டு போச்சு. அந்தப் பாட்டாவது நல்லா இருந்துச்சா?"

நன்றாகத்தான் இருந்தது ஐயா. இசையைப் பற்றி எனக்குப் புகார் எதுவும் இல்லை.

9. மறுநாளே எதிர்வீட்டு ஓட்டுநரின் மனைவியை என் கணவரோடு இருக்கச் சொல்லிவிட்டு மருத்துவமனைக்குப் போனேன். கருவி பொருத்தும் பெண் பொறுமையாகச் சோதித்தார். இடப்பக்கம் நின்று பேசினார், கேட்டது. தொலைபேசியில் அழைத்தார், கேட்டது. இரண்டும் வேலை செய்கிறது என்று குறித்துக்கொண்டார். இரண்டையும் ஒரே நேரத்தில் சோதிக்கச் சொன்னேன். அப்படி ஒரு சோதனை முறையில் இல்லை என்றார். ஆனாலும் நல்ல பெண். கதவைச் சாத்திவிட்டுச் சோதித்தார். கேட்கவில்லை. தொலைபேசி ஒலியைச் சற்றுக் குறைத்து, இடது மைக்கையும் கூடவே விடும்படி கணினியில் ஓர் ஏற்பாடு இருக்கிறது என்றும், ஆனால் வழக்கமான ஏற்பாட்டை மாற்றக் குறைதீர் பிரிவின் எழுத்து வேண்டும் என்றும் சொன்னார். "எனக்கு மாத்தத் தெரியும்மா, ஒரு டீ குடிக்கிற நேரந்தான். மேல இருந்து ஒரு வரி வந்தா போதும்" என்றார். அந்த ஒரு வரிக்காகவே இத்தனை வரிகள்.

10. புகாரைப் பதிவு செய்தேன். காது கேளாதவர்களின் குறைகளைத் தங்கள் பிரிவு தொலைபேசியில் விசாரிக்கிறது. இந்த முறையைக் கண்டுபிடித்தவரைச் சந்திக்க எனக்கு ஆசை உண்டு. என் கணவர் விழுந்த நாளிலிருந்து, அவர் விழித்திருக்கும்போது நான் தொலைபேசியை எடுப்பதில்லை. ஆகவே தங்கள் முதல் அழைப்பை எடுக்கவில்லை. பயனாளி பதிலளிக்காததால் "குறை தீர்ந்தது" என்று முடித்தீர்கள். மறுபடி பதிவு செய்தேன்; மறுபடி அழைத்தீர்கள்; மறுபடி எடுக்கவில்லை; மறுபடி தீர்ந்தது.

11. மூன்றாம் முறை எடுத்தேன். அதற்காக அவரைக் கட்டிலின் நடுவில் தள்ளிப் படுக்க வைத்து, இருபுறமும் தலையணை அண்டை கொடுத்து, அவரையே பார்த்தபடி நின்றுகொண்டேன். தங்கள் அலுவலகத்தவர் மரியாதையாகவே பேசினார். முதலில் கேட்டது, "நான் பேசுறது கேக்குதாம்மா?" கேட்கிறது என்றேன். "தெளிவா கேக்குதா?" தெளிவாகக் கேட்கிறது என்றேன். அவர் முகம் மலர்ந்தது எனக்குத் தெரிந்தது, குரலிலேயே. உடனே குறை தீர்ந்தது என்றார். நான் அவரிடம் சொன்னது: "தம்பி, நீங்க பேசுறது மட்டும் கேக்குதே, அதுதான் என் குறை." இது தங்கள் பதிவில் இருக்காது. "பயனாளிக்குத் தெளிவாகக் கேட்கிறது" என்பது மட்டும் இருக்கும். அது பொய் என்று நான் சொல்ல மாட்டேன்.

12. இணைப்பைத் துண்டிக்கும் முன் அவர் எனக்குச் சில யோசனைகள் வழங்கினார். கட்டிலை மாற்றுவது பற்றி முன்பே எழுதிவிட்டேன். மணி ஒன்று வாங்கிக் கொடுக்கச் சொன்னார். வாங்கினேன். மணி அடிக்கிறவரும் இடப்பக்கம்தானே இருக்கிறார்; அவர் குரல் எட்டாத இடத்துக்கு அவர் மணியும் எட்டவில்லை. தொலைபேசியைக் கருவியோடு இணைக்காமல் ஸ்பீக்கரில் போடச் சொன்னார். மோட்டார் ஓடும்போது அதில் எனக்கு எதுவும் கேட்பதில்லை. அது கேட்டிருந்தால் தங்கள் கருவியே எனக்குத் தேவைப்பட்டிருக்காது. கடைசி யோசனை: என் கணவரிடமும் ஒரு தொலைபேசி கொடுத்து, தேவைப்படும்போது என்னை அழைக்கச் சொல்வது. ஒரே அறைக்குள். தங்கள் யோசனை எதையும் முயலாமல் தள்ளினேன் என்ற பெயர் வரக்கூடாது என்று இதையும் செய்து பார்த்தோம். இடது கையால் தடவித் தடவி என் எண்ணை அழைத்தார். அவர் கையில்தான் தொலைபேசி இருக்கிறதே என்ற தைரியத்தில், நான்காம் முறை புகார் பதிவு செய்ய நான் அப்போது தங்கள் அலுவலகத்தோடு பேசிக்கொண்டிருந்தேன். "நீங்கள் அழைக்கும் நபர் வேறொரு அழைப்பில் இருக்கிறார்" என்று அவருக்குச் சொல்லப்பட்டது. "அதுதான் நேர்லயே தெரியுதே" என்று அவர் அந்தக் குரலுக்குப் பதில் சொன்னாராம். அதுவும் எனக்குக் கேட்கவில்லை. பிறகு அவர் சொல்லித்தான் தெரியும்.

13. மூன்று முறை தீர்ந்த குறையை நான்காம் முறை தொலைபேசியில் பதிவு செய்ய இயலாது என்று இப்போது கூறுகிறார்கள். எனவே எழுத்தில் வருகிறேன். என் வயதில் பலர் இதையெல்லாம் விட்டுவிடுவார்கள் என்று எதிர்வீட்டு ஓட்டுநர் சொல்கிறார். விடுவார்கள். எனக்குத் தையல் பிரிந்தால் பிரிந்த இடத்திலிருந்து மறுபடி போட்டுத்தான் பழக்கம்.

14. என் கோரிக்கைகள்:

அ) "குறை தீர்ந்தது" என்ற மூன்று முடிவுகளையும் நீக்கி, என் புகாரைத் திறந்ததாகக் கொள்ள வேண்டும்.

ஆ) தொலைபேசி ஒலியோடு இடது மைக்கும் கேட்கும்படி என் கருவியை மாற்றியமைக்க, பொருத்தும் பெண்ணுக்கு ஒரு வரி எழுத்தில் அனுமதி தர வேண்டும். அவரிடம் எந்த விளக்கமும் கேட்கக் கூடாது. அவர் கதவைச் சாத்தினார் என்று நான் எழுதியது காற்று வந்ததால் என்று கொள்ளவும்.

இ) ஒரு பக்கக் காது மட்டும் கேட்பவர்களைச் சோதிக்கும்போது, தொலைபேசியில் ஒருவரும் அறையில் ஒருவரும் ஒரே நேரத்தில் பேசிப் பார்க்க வேண்டும். வீடுகளில் அப்படித்தான் பேசுகிறார்கள்.

ஈ) இது குறித்து எனக்குத் தொலைபேசி செய்ய வேண்டாம். எழுதுங்கள், அல்லது ஆளனுப்புங்கள். வருகிறவர் கட்டில் பக்கம் நின்று பேசினால் நன்றாகக் கேட்கும்.

15. அந்த ஒரு வரி வரும்வரை என் ஏற்பாடு இதுதான்: புளூடூத்தை அணைத்து வைத்திருக்கிறேன். தொலைபேசி மேசை மேல் அடித்து ஓயும். துணி கொடுத்தவர்களில் சிலர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள், போகட்டும். என் கணவர் இப்போதெல்லாம் அடிக்கடி கூப்பிடுகிறார். பாதி நேரம் ஒன்றும் வேண்டியிருப்பதில்லை. என்ன என்று கேட்டால், "சும்மாதான், கேக்குதான்னு பாத்தேன்" என்கிறார். விழுந்த நாளிலிருந்துதான் இப்படி. கேட்கிறது என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேன்.

16. என் கோரிக்கையைப் படித்த பிறகும் வழக்கம் மாறாமல் தங்கள் அலுவலகத்திலிருந்து அழைப்பு வரக்கூடும். நான் எடுக்க மாட்டேன். அப்போது "பயனாளி பதிலளிக்கவில்லை" என்று எழுதும் இடத்தில், "அந்நேரம் அவருக்குக் கேட்டுக்கொண்டிருந்தது" என்று எழுதிக்கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: தையல் இயந்திரத்தின் முன், கட்டிலுக்கு வலப்பக்கம்
நாள்: மூன்றாம் குறுஞ்செய்திக்கு அடுத்த திங்கட்கிழமை

தங்கள் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கும்,
(கையொப்பம்)
துணி திருத்தும் தையல்காரி