நாணலுக்குள் போன மான்

லூசியானா, டிசம்பர் 28

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? நான் சுகம்.

வேலை அதிகம், கிறிஸ்துமஸுக்கு வர முடியாது என்று தந்தி அடித்தேன். முழுக் காரணம் இது. இருபத்துமூன்றாம் தேதி, மறுநாள் காலை ஊருக்கு எனக்கு ரயில் என்று நான் வாய் திறக்கவில்லை. விடுப்புக் கொடுத்த வேட்டை முகாம் முதலாளி அல்சீடுக்கே அது மறந்திருந்தது.

அன்று சாயங்காலம் அவர் தம்பி குளோவிஸ் ஒரு மான்மேல் அம்பெய்தான். அது நாணலுக்குள் பாய்ந்துவிட்டது. அடிபட்ட மானைத் தேடும் நாய் என் சொல்லை மட்டும்தான் கேட்கும்.

"நெஞ்சுலதான் பட்டிருக்கு, இப்பவே போலாம்," என்றான் குளோவிஸ். "என்னம்மா, பயம் உனக்கா, நாய்க்கா?"

"அவளுக்கு மூக்கு இருக்குடா. உனக்கு வாய் மட்டுந்தான்," என்றார் அல்சீட்.

மானைத் துளைத்துக்கொண்டு போய்க் கீழே கிடந்த அம்பை முகர்ந்தேன். குடல் நாற்றம்; பட்டது நெஞ்சில் அல்ல, வயிற்றில். உடனே துரத்தினால் மான் எழுந்து ஆழத்துக்குப் போகும். தண்ணீரில் இரத்தத் தடம் நிற்காது. எங்கோ கிடந்து அழுகும். விட்டுவைத்தால் பக்கத்திலேயே படுத்துக்கொள்ளும். ரயிலைப் பற்றிச் சொல்லியிருந்தால் எனக்காக அன்றே கிளம்பியிருப்பார்கள்.

"விடியட்டும்," என்றேன்.

வேட்டைக் காலம் முடியும்வரை இனி விடுப்பு கிடையாது. கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. கட்டிலருகே நான் பாதி படித்த நாவல் இருக்கும், அதையும். எனக்கென்று எடுத்துவைத்த கேக்கைத் தம்பிக்குக் கொடுத்துவிடு.

தபால் படகுக்காரர் அவசரப்படுத்துகிறார். மான் கிடைத்தது, அம்மா. அதைச் சேற்றிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தபோது ரயில் ஊதிக்கொண்டு போயிற்று.

மார்கோ