அணிலை நம்பிய காலை

என் மல்லிகா அக்காவுக்கு,

நீ போய் நாற்பது நாளாகிறது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. தேயிலைக் கொழுந்து எடுக்கிறேன், எடை போடுகிறேன், சோறாக்குகிறேன். கை தன்பாட்டுக்குச் செய்கிறது.

நம் நிரையில் உன் இடத்துக்குப் புதிதாக ஒருத்தியை விட்டிருக்கிறார்கள். நல்ல பெண்தான், பேச்சுதான் இல்லை. உன்னைப் போல் ஓயாமல் வழக்காட இனி யார் கிடைப்பார்கள்?

ஓடையோரச் சரளையில் முட்டையிட்ட ஆள்காட்டிக் குருவி உன் கட்சி. கல்கட்டு இடுக்கில் குடியிருக்கும் அணில் என் கட்சி. "ஆள்காட்டி கத்துனா காட்டெருமை நிக்குதுன்னு அர்த்தம்டி" என்பாய். "அது நாய் போனாலும் கத்தும், நாம போனாலும் கத்தும். அணிலு காரணமில்லாம வாயத் தொறக்காது" என்பேன். யாரும் முட்டையை மிதித்துவிடக் கூடாதென்று உன் தலைத்துண்டைக் கிழித்துக் குச்சியில் கட்டிப் பக்கத்தில் நட்டாய். "குருவிக்குக் கொடி வேறயா?" என்று சிரித்தேன்.

அன்று காலை ஒரே மூடுபனி. ஆள்காட்டி கத்தியது. நீ நின்றுவிட்டாய். "ஏண்டி, இது வேற மாதிரி கத்துது" என்றாய். நான்தான் சொன்னேன், "அணிலு சும்மா கொறிச்சிக்கிட்டுத்தானே கெடக்கு. நட அக்கா, மேஸ்திரி திட்டுவாரு." என் பேச்சைக் கேட்டு நீ முன்னால் இறங்கினாய். செடி மறைவில் நின்ற காட்டெருமை உன்னை முட்டித் தூக்கி எறிந்தது. ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே உன் மூச்சு நின்றுவிட்டது.

இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. அணிலுக்குப் பூனையும் பாம்பும் பருந்தும்தான் பயம். காட்டெருமை வந்தால் அதற்கென்ன, மரத்தில் ஏறிக்கொள்ளும். குருவியின் முட்டை தரையில் அல்லவா கிடக்கிறது? நாமும் தரையில் நிற்கிறவர்கள்தானே. இதுகூடத் தெரியாத மண்டு நான்.

இன்னொன்றும் செய்துவிட்டேன். துக்கத்துக்கு வந்த உன் மகள் செல்வி கேட்டாள்: "ஏன் சித்தி, அந்தக் குருவி கத்தலையா? அது கத்துனா அம்மா நிப்பாங்களே."

"கத்தலம்மா" என்று சொல்லிவிட்டேன். அவள் நேரே ஓடைக்குப் போய் உன் கொடியைப் பிடுங்கி எறிந்தாள். பார்த்துக்கொண்டு சும்மா நின்றேன்.

மறுநாள் அதைத் தேடி எடுத்து நட்டேன். மூன்று குஞ்சு பொரித்திருக்கிறது. குருவி இன்னும் கத்துகிறது. கேட்டால் நின்றுவிடுகிறேன். புதுப்பெண் சிரிக்கிறாள், மேஸ்திரி திட்டுகிறார். திட்டட்டும்.

வரும் ஞாயிறு கோத்தகிரி பஸ்ஸில் செல்வி வருகிறாள், உன் துணிமணிகளை எடுத்துப்போக. குருவி கத்தியது என்று சொல்லிவிடுவேன், அக்கா. நீ நின்றதையும் சொல்வேன், நான் நட என்றதையும் சொல்வேன். அதற்குப் பிறகு அவள் என்னைச் சித்தி என்று கூப்பிடுவாளா?

உன் பேச்சைக் கேட்காத தங்கச்சி,
ராணி