பின்சீட்டில் கெட்டுப்போன பால்

என்னங்க,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. நம் ஷெட்டில் கழுவ விட்டுப்போன டீச்சர் காரின் கதவைத் திறந்ததுமே அப்படி ஒரு புளித்த நாற்றம்.

பின்சீட்டில் அவர் குழந்தை பாலைக் கொட்டி நாலு நாள் ஆகிறதாம். அதைக் கழுவாமல், கறை ஒட்டாமல் இருக்க அடிக்கிற மருந்தை அதன் மேலேயே அடித்து வைத்திருக்கிறீர்கள். இப்போது தண்ணீர் ஊற்றினால் தாமரை இலையில் விழுந்த மாதிரி உருண்டு ஓடுகிறது. கெட்டுப்போன பால் மட்டும் உள்ளே பத்திரமாக இருக்கிறது. சீ.

உங்களுக்குச் சளி, மூக்கு அடைத்திருக்கிறது, தெரியும். இத்தனை வருஷமாக நான் சீட்டை முகர்ந்து பார்த்துச் சரி என்ற பிறகுதானே மருந்து அடிக்கிறோம்? ஞாயிற்றுக்கிழமைச் சண்டையில், "இனிமே உன்கிட்ட ஒரு வார்த்தை பேசமாட்டேன்" என்றீர்கள். அந்த வீம்பைக் காட்ட டீச்சர் சீட்டுதான் கிடைத்ததா?

அவர் பத்து மணிக்கு வருவார். வாசனை ஸ்பிரே அடித்து மழுப்பாதீர்கள், இன்னும் நாறும். தப்பை ஒத்துக்கொண்டு, இரண்டு நாளைக்கு நம் காரைக் கொடுத்து அனுப்புங்கள். சாவி ஆணியில் தொங்குகிறது.

அந்தப் பூச்சைக் கரைக்கிற மருந்து வாங்க நான் பஸ்ஸில் போகிறேன். தேய்க்கப்போவது நீங்கள்.

பிளாஸ்கில் வெந்நீர் இருக்கிறது. ஆவி பிடியுங்கள்.

பி.கு.: சண்டை அப்படியே இருக்கட்டும், நானும் இறங்கி வரப்போவதில்லை. ஆனால் இனிமேல் கழுவ ஒரு கார் வந்தால், "மோந்து பாரு" என்று மட்டும் சொல்லுங்கள். அதைப் பேச்சில் சேர்த்துக்கொள்ளமாட்டேன்.