இழைப்புளியை எடுத்தது யார்?

என் அன்பு வசந்தி அக்கா,

நீங்கள் போய் ஏழு மாதமாகிறது. உங்கள் பழைய மரவேலைச் சாமான்களை உங்கள் வீட்டு மாமா என்னிடமே கொடுத்துவிட்டார். கோவிலம்பாக்கத்து ஈரக்காற்றில் உளிகளில் மறுபடி துரு ஏறுகிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் தேய்த்து, தேங்காய் எண்ணெய் பூசி வைக்கிறேன்.

ஆனால் அந்த மர இழைப்புளி மட்டும் பெட்டியில் இல்லை. பல்லாவரம் சந்தையில் நாம் வாங்கி, விரிசலில் பசையும் மரத்தூளும் அடைத்து, மூன்று வாரம் மல்லுக்கட்டினோமே, அதுதான். துக்கம் கேட்க வந்தவர்களை எல்லாம் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். மாமாவைக்கூட விடவில்லை. அவர் விற்றிருப்பாரோ?

போன ஞாயிறு, சமையலறை அலமாரிக் கதவு இடிக்கிறதென்று பெரும்பாக்கத்திலிருந்து ஏழுமலை என்ற ஆசாரியை வரவழைத்தேன். அவர் பையிலிருந்து எடுத்தது நம் இழைப்புளி! நாம் அடைத்த விரிசல் அப்படியே தெரிந்தது.

"இது உங்களுக்கு எங்க கிடைச்சுது?"

"எங்கப்பாவுதுக்கா. ட்ரெயின்ல பைய வுட்டுட்டேன், எவனோ தூக்கினு பூட்டான். அப்பால இந்தப் பக்கம் வேலைக்கு வந்தப்ப பார்த்தா, வசந்தி அம்மா பால்கனில காயவச்சிருந்தாங்க. அப்பா கட்டைவிரல் பட்டுப் பட்டுத் தேஞ்ச பள்ளம், இன்னும் அப்டியே கீது பாரு."

"கதை விடாதீங்க. அவங்க செத்தப்புறம் எடுத்துட்டுப் போயிருக்கீங்க. போலீஸ்ல சொல்லட்டுமா?"

அவர் கோபப்படவில்லை. போனை எடுத்து எதையோ தேடினார். திடீரென்று என் சமையலறையில் உங்கள் குரல்.

"ஏழுமலை, அது உங்கப்பாவோடதுன்னா உங்ககிட்டதான் இருக்கணும். நாளைக்கு வந்து எடுத்துக்கோங்க. மீனாகிட்ட மட்டும் சொல்லாதீங்க. அவ நம்ப மாட்டா."

ஏழு மாதம் கழித்துக் கேட்ட குரல் அக்கா. அழுவதா, வெட்கப்படுவதா என்று தெரியவில்லை. என்னிடம் மறைத்துவிட்டீர்களே! இத்தனை வருஷப் பழக்கத்தில் என்னைப் பற்றி நீங்கள் தெரிந்துகொண்டது இதுதானா?

"மன்னிச்சிடுங்க அண்ணா" என்றேன்.

"வுடுக்கா. பேஜாரான விஷயம்தான். உன் எடத்துல யார் இருந்தாலும் கேட்டிருப்பாங்க" என்று சொல்லிவிட்டுக் கதவை இழைக்கத் தொடங்கினார். காப்பி போட்டுக் கொடுத்தேன்.

உங்களிடம் எதை மறைக்க? அவர் போனதும் பெட்டியைத் திறந்து உளிகளை எண்ணினேன். எல்லாம் இருந்தன. உங்கள் குரலைக் கேட்ட பிறகும் எண்ணினேன் அக்கா. ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. விரல் பள்ளத்தை மட்டும் வைத்து நீங்கள் எப்படி நம்பினீர்கள்? வேறேதாவது கேட்டீர்களா? இன்னமும் எனக்குள் குடைகிறது.

ஒன்று மட்டும் செய்கிறேன். வருகிற ஞாயிறு, அதே சந்தையில் வாங்கிய மீதிச் சாமான்களைப் பெரும்பாக்கம் எடுத்துப் போய், ஏழுமலை அண்ணன் வீட்டு வாசலில் பரப்பி வைக்கிறேன். அங்கே ஆசாரிகள் நிறையப் பேர் இருக்கிறார்களாம். யாராவது ஒன்றைக் கையில் எடுத்து "இது என்னுது" என்றால், கொடுத்துவிடுவேன். கேள்வி கேட்காமல் கொடுக்கத்தான் பார்க்கிறேன்.

உங்கள் கூடப் பிறக்காத தங்கை,
மீனா