வெள்ளிக்கிழமை எழும்பாத பெட்டி

இன்றைக்குக் காலையில் ஸ்டாஃப் ரூமில் ஒரு காரியம் செய்தேன். நீ இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய். தவணைப் பரீட்சைக்கு வினாத்தாள் அடிக்க வேண்டும். பள்ளிக்கூடத்துப் பழைய லெப்டொப்பை அமுக்கிவிட்டு உட்கார்ந்தால், எழும்புவேனா என்கிறது. கறுப்புத் திரை, நடுவில் ஒரு வட்டம், அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கிறது. பொறுமை எனக்கு மருந்துக்கும் கிடையாது என்று உனக்குத் தெரியும். எழுந்தேன், மேசையைச் சுற்றி நடந்தேன், ஜன்னலைத் திறந்தேன், திரும்ப மூடினேன். கடைசியில் அந்தப் பெட்டியைத் தூக்கி, பக்கவாட்டில் சூட்டுக் காற்று வருகிற ஓட்டையில் மூக்கை வைத்து மோந்து பார்த்தேன்.

"என்னங்க டீச்சர், மீன் வாங்குற மாதிரி மோந்து பாக்குறீங்க?" என்றாள் புதிதாக வந்திருக்கிற கணக்கு டீச்சர். எல்லாரும் சிரித்தார்கள். வெறும் தூசி மணம்தான், சூடேறிய தூசி. அவர்களுக்கு என்னவென்று விளக்குவது? பெட்டியை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்து, காலியாகக் கிடந்த வகுப்பில் உட்கார்ந்து உனக்கு இதை எழுதுகிறேன். உட்கார்ந்தேன் என்று சொல்வதும் பொய். இரண்டு வரி எழுதுவதும் வாசல்வரை போய் வருவதுமாக இருக்கிறேன்.

தொண்ணூறுகளில் நாம் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் இந்தத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு டீச்சராக வந்து சேர்ந்தோம். நான் இங்கேயே லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவள். உன் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பதுளைக் கச்சேரியில் கிளாக்கராக இருந்தவர். நீ டவுனிலிருந்து ஸ்பிரிங்வெளி பஸ்ஸில் வளைந்து வளைந்து வந்து, வாந்தியை அடக்கிக்கொண்டு இறங்குவாய். உன் தமிழைக் கேட்டுப் பிள்ளைகள் வாய் பொத்திச் சிரித்தார்கள். என் தமிழைக் கேட்டு நீ சிரித்தாய். நான் எதற்கும் சட்டென்று கொதிப்பேன், நீ எதற்கும் "பொறு, பொறு" என்பாய். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு இன்னும் கொஞ்சம் கொதிக்கும். எப்படி நமக்கு ஒத்துப்போனது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

எங்கள் வீட்டுக்கு அந்த லெப்டொப் வந்தது அதற்கு எவ்வளவோ பிந்தி. தங்கச்சி குவைத்தில் வீட்டு வேலைக்குப் போய், இரண்டாம் தடவையும் கொன்ட்ராக்டைப் புதுப்பித்துக்கொண்டு நின்றுவிட்டாள். அவளுடைய மேடம் பாவித்துக் கழித்ததை, ஊருக்குத் திரும்பிய ஒரு அக்காவிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். எழுத்துக்குப் பக்கத்தில் அரபு எழுத்தும் போட்ட பழைய பெட்டி. பெட்டரி செத்துப்போனது, கரண்டில் மாட்டினால்தான் உயிர் வரும். அம்மா அதைக் கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மேடம் வீட்டில் எல்லாரும் பெரியம்மா வீட்டுக்குச் சாப்பிடப் போவார்கள். அந்த இடைவெளியில் பிள்ளைகளின் கம்பியூட்டரில் உட்கார்ந்து முகம் காட்டத் தங்கச்சிக்கு அனுமதி. கார் வெளியே போனதும் என் போனுக்கு ஒரு மிஸ்ட் கோல் கொடுப்பாள். உடனே நாம் பெட்டியைப் போட வேண்டும். முன்கூட்டியே போட்டுவைக்கலாம் என்றால், கொஞ்ச நேரத்தில் அடி சுட்டு, பொசுக்கென்று அணைந்துவிடும். மிஸ்ட் கோல் வந்ததும் போட்டாலோ வட்டம் சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். ஒருவழியாகப் படம் வந்து, இன்டர்நெட் டொங்கிளைச் செருகி, அது கனெக்ட் ஆகிறபோது தங்கச்சி போயிருப்பாள். கார் திரும்பி வந்திருக்கும்.

அம்மா வெள்ளிக்கிழமை விரதம். தலை குளித்து, குங்குமம் வைத்து, திருவிழாவுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு அந்தக் கறுப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். "வந்திருச்சா?" "இல்லம்மா." "இப்ப?" "இல்லம்மா!" என் கத்தல் பக்கத்து வீடுவரைக்கும் கேட்கும்.

ஏன் அப்படித் தவித்தார் என்று உனக்கு ஒருநாள் அவரே சொன்னார். மேட்டு லயத்துப் பிள்ளை ஒருத்தி அந்த நாட்டிலிருந்து திரும்பி வந்தபோது இரண்டு கையும் முழங்கைவரை சூடு பட்ட தழும்பு. அதுவரைக்கும் போனில் எப்போது கேட்டாலும் சுகமாக இருக்கிறேன் என்றுதான் அவளும் சொல்லியிருந்தாள். "போன்ல எல்லாப் புள்ளையும் நல்லா இருக்கேன்னுதாங்க டீச்சரம்மா சொல்லும். எனக்கு அவ பேச்சு வேணாம். அவ கையப் பாக்கணும்."

அன்றைக்குப் பஸ் ஏறும்போது நீ சொன்னாய். "இதை எப்பிடியாவது எழுப்பிப்போட வேணுமடி."

பதுளையில் நீ கம்பியூட்டர் கோர்ஸ் படித்திருந்தாய். படித்தது என்ன, வேர்ட்டில் கடிதம் அடிக்க. ஆனாலும் வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினாய். திறக்கும்போதே தேவையில்லாத புரோகிராம் எல்லாம் சேர்ந்து எழும்புகிறது என்று கண்டுபிடித்தாய். "காலமை வேலைக்குப் பேர் குடுக்கிற பெரட்டுக்கு முழுத் தோட்டமும் ஒரேயடியா வந்து நிண்டா உங்கட கங்காணி என்ன செய்வார்? அதுதான் இஞ்சயும் நடக்குது" என்று ஒவ்வொன்றாக நிறுத்தினாய். வைரஸுக்கு இரண்டு காவல் போட்டிருந்தார்கள், ஒன்றை ஒன்று பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தன. ஒன்றைக் கழற்றினாய். மேடத்தின் பிள்ளைகள் போட்டுவைத்த விளையாட்டுகளை அழித்தாய். கொஞ்சம் பரவாயில்லை என்று இருந்தது, அடுத்த வெள்ளிக்கிழமை பழையபடி. டவுன் கடையில் கொடுத்து முழுதாக அழித்துப் புதிதாகப் போட்டுக்கொண்டு வந்தாய். அதுவும் நாலு நாள் வாழ்வு.

"அடுப்புல போடு இந்தச் சனியன!" என்று நான் கத்தினேன்.

"விசரே உனக்கு? அம்மா இருக்கிறா, வாயைப் பொத்து" என்றாய்.

வெள்ளிக்கிழமைகள் இப்படியே வீணாகிக்கொண்டிருந்தன. தங்கச்சிக்கும் சலித்துவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை மிஸ்ட் கோலே வரவில்லை. அம்மா அந்தச் சேலையை மாற்றாமல் இருட்டும்வரைக்கும் உட்கார்ந்திருந்தார். அவளுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று அன்றைக்கு முடிவே கட்டிவிட்டார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அடுத்த முறை நீ வந்தபோது அம்மா பீலியில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். நீ பெட்டியைப் போட்டு, வட்டம் சுற்றத் தொடங்கியதும், அடியில் கையை வைத்துப் பார்த்தாய். பிறகு குனிந்து பக்கத்து ஓட்டையை மோந்தாய். திரும்பவும் மோந்தாய். நான் உன்னைப் பைத்தியம் பிடித்தவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தேன்.

"இஞ்ச வா. மணந்து பார். என்ன மணக்குது?"

நான் மோந்தேன். எங்கள் வீடு மணத்தது, வேறென்ன? "அடுப்படி வாசம்" என்றேன்.

"லெப்டொப்புக்குள்ள அடுப்படி எப்பிடியடி வந்தது? இதை எங்க வைக்கிறனீங்கள்?"

எங்கே வைப்போம்? விறகு காயப்போடுகிற பரணில்தான், அடுப்புக்கு மேலே. அந்த மலையில் பனி இறங்கினால் உப்புக் கரைந்து ஓடும், தீப்பெட்டி நமத்துப்போகும், செருப்பில் பூஞ்சணம் பிடிக்கும். பெறுமதியான எதையும் எங்கள் லயத்தில் அந்தப் பரணில்தான் வைப்பார்கள். பிறப்புச் சான்றிதழ், விதைப் பயறு, எல்லாமே. அம்மா அந்தப் பெட்டியைத் தன் பழைய சேலையில் சுற்றி, ஒவ்வொரு நாளும் விளக்கு வைத்ததும் அங்கே ஏற்றிவைப்பார். கண்ணுக்குக் கண்ணாகக் காத்தார். இதைச் சொன்னபோது உன் முகம் போன போக்கை நான் இன்னும் மறக்கவில்லை.

தையல் மிசினுக்குள் கிடக்கும் குட்டி ஸ்குரூட்ரைவரை எடுத்தோம். பேப்பரை விரித்து, ஒவ்வொரு ஆணியாக நீ கழற்ற, நான் சிரட்டையில் போட்டேன். உள்ளே காத்தாடி இருந்த இடமே தெரியவில்லை. கரியும் சாம்பலும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து, சட்டி தேய்க்கிற தும்பு மாதிரி அடைத்துக் கிடந்தது. மூச்சு விட முடியாமல் சூடேறி, சூடேறித்தான் அது அப்படி இழுபட்டிருக்கிறது.

எனக்கு எங்கிருந்துதான் அந்த ஆத்திரம் வந்ததோ. "இந்த அம்மாவ!" என்று எழுந்தேன். நேராகப் பீலிக்குப் போய், எல்லார் முன்னாலும் கேட்டிருப்பேன், சத்தியமாகக் கேட்டிருப்பேன். நீ என் சேலைத் தலைப்பை எட்டிப் பிடித்தாய்.

"இரு."

"விடுடி! இவ்வளவு நாளும் நம்மள..."

"இரு எண்டு சொன்னனான். மகளின்ர முகத்தை மறைச்சது தன்ர கைதான் எண்டு அந்த மனுசிக்குத் தெரிய வேணுமே? தெரிஞ்சால் பிறகு நித்திரை கொள்ளுவாவே? யோசிச்சுப் பார்."

நான் யோசித்தேன். யோசித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். நீ பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு இதழாகத் துடைத்தாய். அம்மா குடத்தோடு வாசலில் நிழலாடியபோது, கரி கொட்டிய பேப்பரைச் சுருட்டி உன் ஹேண்ட்பேக்குக்குள் திணித்தாய், உள்ளே இருந்த சோற்றுப் பார்சலோடு சேர்த்து.

"என்னங்க டீச்சரம்மா, உள்ள என்னவாம்?"

"ஒண்டுமில்லையம்மா. வயசு போன பெட்டிதானே. துடைச்சு விட்டனாங்கள்." பிறகு ஒன்றும் அறியாத முகத்தோடு, "இனி இதைப் பரணில வைக்காதேங்கோ அம்மா. வெள்ளிக்கிழமை எடுக்கிற சாமான், ஒரு நல்ல இடமாப் பாத்து வையுங்கோ" என்றாய்.

அம்மாவுக்கு ஒரே சந்தோசம். அடுத்த நாள் பார்க்கிறேன், சாமிப் படத்துக்கு முன்னால் பெட்டி! பக்கத்தில் சாம்பிராணி புகைந்துகொண்டிருக்கிறது. உனக்குப் போன் பண்ணிச் சொன்னபோது நீ, "ஐயோ என்ர கடவுளே" என்றாய், பிறகு இரண்டு பேரும் பேச முடியாமல் சிரித்தோம். கடைசியில் தங்கச்சியின் துணிமணி கிடக்கும் தகரப் பெட்டிக்குள் வைக்கச் சம்மதிக்க வைத்தோம்.

அந்த வெள்ளிக்கிழமை மிஸ்ட் கோல் வந்தது. நான் அமுக்கினேன். அம்மா சேலையைச் சரிசெய்துகொண்டு வந்து உட்காருவதற்குள் படம் வந்துவிட்டது. எனக்கு நம்பிக்கையே வரவில்லை. நீ அவசரத்தில் டொங்கிளைத் தலைகீழாகச் செருகப் பார்த்தாய். பொறு, பொறு என்று ஊருக்குச் சொல்கிறவள் நீ! திரை ஒரு தடவை கட்டம் கட்டமாக உடைந்து, பிறகு தங்கச்சி தெரிந்தாள்.

அம்மா அழவில்லை. பெயரைக்கூடச் சொல்லவில்லை. "கையக் காட்டு" என்றார்.

அவளுக்கு விளங்கவில்லை. "அம்மா, எப்படிம்மா இருக்கீங்க?"

"கையக் காட்டுடி. ரெண்டையும்."

தங்கச்சி இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். "திருப்பு." திருப்பினாள். "சட்டக் கைய மேல இழு." இழுத்தாள். "தலத்துணிய எடு. கழுத்தப் பாக்கணும்." அவள் எடுத்தாள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. கொஞ்சம் வெளுத்து, கொஞ்சம் சதை போட்டுக்கூட இருந்தாள். அதற்குப் பிறகுதான் அம்மா திரையில் கன்னத்தை வைத்து அழுதார். நாங்கள் இந்தப் பக்கம், அவள் அந்தப் பக்கம், ஒரே அழுகை. உன்னைத் தேடினால் நீ வாசற்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, எங்கள் எல்லாரையும்விடப் பெரிதாக அழுதுகொண்டிருந்தாய். அன்றைக்குக் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு எங்கள் வீட்டில் படுத்தாய்.

மறுநாளே அம்மா லயம் முழுக்கச் சொல்லத் தொடங்கிவிட்டார். "நான் பரண்ல வச்சு ஈரம் படாமக் காப்பாத்துனேன். இல்லாட்டி அந்தப் பழசு இன்னேரம் செத்துப் போயிருக்கும்." உன்னைப் பார்த்து, "இல்லீங்களா டீச்சரம்மா?" என்பார். நீ பால் வடியும் முகத்தோடு, "ஓமம்மா, அதாலதான்" என்பாய். சொல்லிவிட்டு ஓரக்கண்ணால் என்னைப் பார்ப்பாய் பார், அந்த ஒரு பார்வை! நான் பல்லைக் கடித்துக்கொண்டு, இருமுவதுபோல வெளியே ஓடுவேன். பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு நின்று சிரிப்போம். எத்தனை தடவை சொன்னாரோ, அத்தனை தடவையும்.

நீ போனது எனக்கு இன்னும் ஆறவில்லை. காய்ச்சல் என்றார்கள், இரத்தத்தில் கோளாறு என்றார்கள், கொழும்புக்குக் கொண்டுபோனார்கள். பொறு, திரும்பி வந்திடுவேன் என்று நீயும் சொன்னாய். நான் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை நீ சொன்னபடி பொறுமையாக இருந்தேன். அதற்குக் கிடைத்த பலனைப் பார்த்தாயா? உன்மேல் கோபம்தான் எனக்கு. இல்லையென்று ஏன் மறைக்க வேண்டும்?

தங்கச்சி பத்திரமாக வந்துவிட்டாள். பசறையில் கட்டிக்கொடுத்தாயிற்று. பெட்டிக்குள் கிடந்த கரியைப் பற்றி அவளிடமும் நான் சொல்லவில்லை. வாய்வரைக்கும் வரும், விழுங்கிவிடுவேன். ஒன்றையும் மனதில் வைத்திருக்கத் தெரியாத நான், இதை மட்டும் வைத்திருக்கிறேன். நீ என்மேல் போட்டுவிட்டுப் போன வேலை இது. அம்மாவைப் பார்க்கப் பார்க்க, அன்றைக்கு நீ என் தலைப்பைப் பிடித்தது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரிகிறது. ஆனால் இரண்டு பேர் சேர்ந்து வைத்திருந்த பொய் இலேசாக இருந்தது. ஒருத்தியாக வைத்திருப்பது பெரிய பாரமாக இருக்கிறதடி.

போன ஞாயிற்றுக்கிழமை தங்கச்சியின் மாமியார் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது அம்மா அந்தக் கதையை எடுத்தார். பனியைச் சொன்னார், பரணைச் சொன்னார், தான் சேலையில் சுற்றி வைத்ததைச் சொன்னார். "நான் மட்டும் அப்புடிக் காப்பாத்தலன்னா அந்தப் பெட்டியும் இல்ல, என் புள்ள மொகமும் இல்லீங்க" என்று முடித்தார். அந்தக் கணத்தில் நான் அடக்க மாட்டாமல் சிரிப்போடு, உன் ஓரக்கண்ணைத் தேடிப் பக்கத்தில் திரும்பினேன்.

சம்பந்தியம்மா முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். "என்னங்க டீச்சர், ஏதாச்சும் வேணுமா?" என்று கேட்டார்.

ஒன்றுமில்லைங்க என்றேன்.