முத்திரை வைக்காத பாட்டு

இன்று காலை பள்ளி அலமாரியிலிருந்து சுருதிப் பெட்டியை எடுத்தேன். துருத்தியைப் பூச்சி அரிக்காமலிருக்க நீங்கள் உள்ளே போட்டு வைத்த வசம்புத் துண்டு இன்னும் கிடக்கிறது. மூடியைத் திறந்ததும் அந்தக் காரநெடி முகத்தில் அடித்தது. போனவர்கள் திரும்ப வருவார்கள் என்றெல்லாம் நம்புகிறவள் இல்லை நான், உங்களுக்கே தெரியும். ஆனாலும் மூடியை மூடாமல் கொஞ்ச நேரம் நின்றேன்.

பெட்டியை வகுப்பில் வைத்துச் சுருதி கூட்டுவதற்குள் ஜமீலா எழுந்துவிட்டாள். மளிகைக் கடைக்காரர் மகள்; கிருஷ்ணகிரியில் ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்திருந்தாள்.

"டீச்சர், நம்ம பிலஹரிப் பாட்டை அங்க கச்சேரியில ஒரு வித்வான் பாடினாரு. இருநூறு வருஷத்துப் பாட்டாம், யாரோ மகான் பண்ணதாம். அப்படீன்னா சரணத்துல அவர் முத்திரை இருக்கணும் இல்ல? நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

நான்தான் சொல்லிக்கொடுத்தேன். பாட்டைக் கட்டியவர் தன் பெயரையோ, தனக்கென்று வைத்துக்கொண்ட ஒரு சொல்லையோ கடைசிச் சரணத்தில் பதிப்பது வழக்கம்; அதுதான் முத்திரை. அந்தப் பாட்டில் அது இல்லை. ஏன் இல்லை என்று தெரிந்தவர்கள் நீங்களும் நானும். இப்போது நான் மட்டும்.

பள்ளிக்கு வரும் கெலமங்கலத்து பஸ்ஸில் அதைக் கட்டினீர்கள். மாநில எல்லை பிரிப்பில் ஓசூர் மைசூரோடு போகுமா, மெட்ராஸோடு இருக்குமா என்று கன்னடத்திலும் தெலுங்கிலும் தமிழிலும் பஸ்ஸே வாதாடிக்கொண்டிருந்த நாட்கள். அந்த இரைச்சலில் எப்படி முடிந்தது என்று எனக்கு இன்றும் புரியவில்லை. கட்டிய வரி மறந்துவிடுமோ என்ற பயத்தில், குடையைக்கூட மடக்காமல் என் மேஜைக்கு வந்து பாடுவீர்கள். பள்ளியில் வாய்ப்பாட்டு வகுப்பு உங்களுடையது, இசை இலக்கணம் என்னுடையது. அதனால் நான் குறுக்கிடுவேன்.

"பிலஹரி ராகத்தில் ஏறும்போது நிஷாத ஸ்வரம் கிடையாது."

"நான் எங்கம்மா ஏறினேன்? எட்டிப் பாத்துட்டு இறங்கிட்டேன். பட்டதாரி அம்மாவுக்கு எல்லாத்துலயும் சந்தேகம்!"

பாட்டு முடிந்த அன்று முத்திரை எங்கே என்று கேட்டேன். உங்கள் சிரிப்பு நின்றுவிட்டது.

"பாடறேன்னு தெரிஞ்சே எங்க மாமியார் பாதி மூஞ்சிதான் காட்டறாங்க. பாட்டுக் கட்டறவள்னு தெரிஞ்சா அதுவும் திரும்பிக்கும். எனக்குப் பரவாயில்ல, டீச்சர். பொண்ணு இருக்கா. பாட்டுக்காரி மகள்னு ஊர்ல ஒரு பேச்சு கிளம்பிட்டா எந்த வரன் படியேறும்?"

அப்புறம் நீங்களே வழியும் சொன்னீர்கள். "பழைய பாட்டுன்னு சொல்லிட்டுச் சொல்லிக் குடுப்போம். பழசுன்னா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க." யாரிடமும் சொல்வதில்லை என்று என்னிடம் வாக்கும் வாங்கிக்கொண்டீர்கள்.

அப்படியே நடந்தது. உங்கள் வகுப்பில் பெண்கள் அதைப் பாடினார்கள். என் வகுப்பில் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று பிரித்துப் பார்த்தார்கள். அதே மெட்டை ஒட்டி ஆளுக்கொரு சரணம் கட்டி வந்தார்கள். "அந்தக் காலத்துப் பாட்டுன்னா தனி அழகுதான்" என்று ஒருத்தி சொல்ல, நீங்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வெளியே ஓடினீர்கள்.

போன ஐப்பசியில் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோயிற்று. பாட்டு மட்டும் பெண்களோடு கொலுவுக்கும் கல்யாணத்துக்கும் போய்க்கொண்டே இருந்தது. ஆளில்லாத நிலம் என்று யாரோ இப்போது வேலி போட்டுவிட்டார்கள்.

ஜமீலா நின்றுகொண்டே இருந்தாள். உங்கள் மகளுக்கு இன்னும் வரன் முடிவாகவில்லை. வேப்பனப்பள்ளிப் பக்கம் ஓர் இடம் பேசுகிறார்கள் என்று கேள்வி. அதை நினைத்துக்கொண்டே சொன்னேன்: "அவர் சொன்னது தவறு. இது புதுப் பாட்டு. கட்டினது ஒரு பெண்."

வகுப்பே நிமிர்ந்தது. "யாரு டீச்சர்? நீங்களா?"

"எனக்கு அவ்வளவு வராது."

"பேரு சொல்லுங்க டீச்சர்!"

"சொல்ல எனக்கு உரிமை இல்லை."

ஜமீலா உட்காரவில்லை. "நீங்க சொல்லலேன்னா அந்த வித்வான் சொன்னதுதானே நிக்கும்?"

துருத்தியை அழுத்தினேன். பாடத்துக்குப் போனேன்.

உங்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவது சரி என்றே இப்போதும் நினைக்கிறேன். சரியாக இருப்பதில் ஆறுதல் எதுவும் இல்லை. உங்கள் மகள் ஒரு வீட்டில் நிலைத்து, பயம் விட்டு, ஒருநாள் நானே அவளிடம் சொல்லலாம். அதற்குள் அந்த மகானின் பெயர் எத்தனை வாயில் ஏறியிருக்கும்! பஸ்ஸில் வரும் ஒரு பெண் கட்டினாள் என்றால் அப்போது யார் நம்பப் போகிறார்கள்? நானாக இருந்தால் ஆதாரம் கேட்பேன்.

பெண்கள் போன பிறகு சரணத்தைத் தனியே பாடிப் பார்த்தேன். கடைசி வரியில் ஓரிடத்தில் சொல் இல்லாமல் 'ஆ' என்று வெறும் அகாரம் நீள்கிறது. சொல் கிடைக்காமல் விட்டது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இன்று அந்த இடத்தில் உங்கள் பெயரைப் போட்டுப் பாடினேன். தாளம் பிசகவில்லை, ஓர் எழுத்து கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அளந்துதான் விட்டீர்களா? தற்செயலாகவும் இருக்கலாம், நான் படித்த படிப்பு அப்படித்தான் நினைக்கச் சொல்கிறது. நீங்கள் இருந்தபோது கேட்கத் தோன்றவில்லை. இனி எனக்கு அந்த வரி வேறு மாதிரி வராது. நாளை வகுப்பில் அந்த இடம் வரும்போது நான் வாயை மூடிக்கொள்வேன். பெண்கள் அகாரத்தை நீட்டிப் பாடட்டும்.